சிக்னல் நாலு

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போட்ட கதை இது. கொஞ்சம் நீளமான கொசுவத்தி. நடுவுல கம்பைலர், கர்னல்னு சில வார்த்தைகள் வரும். பயப்படாதீங்க, எனக்குப் புரிஞ்ச அளவுக்கு எல்லாருக்கும் புரியும்படியே சொல்லிப் பாக்கறேன்.

சமீபத்துல வீட்டு மடிக்கணினிக்கு ஒரு லினக்ஸ் கர்னல் கட்டிக்கிட்டிருந்தேன். கட்டறதுக்கு முன்னாடி எது வேணும் எது வேணாம்னு டிக் அடிக்கிற மெனு ஒண்ணு வரும். அதுல புதுசா ஒரு வரி. இந்தப் பொட்டியில இருக்கிற ப்ராசஸருக்குத் தோதா கர்னலைக் கட்டட்டுமான்னு கேக்குது. 2025ல வந்த லினக்ஸ் 6.16லதான் இது சேர்ந்திருக்கு. அதுக்கு முன்னாடி இதையே செய்யணும்னா கேசிஃப்ளாக்ஸ்னு ஒரு மாறியில கைப்பட எழுதிக் கொடுக்கணும், இல்லைன்னா எவரோ எழுதி வெச்ச பேட்ச்சைத் தேடிப் பிடிச்சு ஒட்டணும். இப்போ ஒரே ஒரு டிக்.

அந்த வரி மேல கர்சரை வெச்சு உதவிக் குறிப்பைத் திறந்தேன். இப்படிக் கட்டின கர்னல் வேற மெஷின்ல சரியா ஓடாம போகலாம், சந்தேகம்னா வேணாம்னு சொல்லிடுங்க அப்படிங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்த ரெண்டு வரியை 2009ல நான் எழுதியிருந்தா, ஒரு மனுஷன் மேல பழி விழுந்திருக்காது.

மாமா அப்போ கும்பகோணத்துல ப்ரவுசிங் சென்டர் வெச்சிருந்தார். ஒன்பது பொட்டி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். அம்மாவோட தம்பி. நான் கம்ப்யூட்டர் படிச்சதுக்குப் பாதி ஃபீஸ் அவர் கட்டினது. அதனால அந்தக் கடையில எந்த வயர் அறுந்தாலும் ஃபோன் எனக்குத்தான் வரும். நான் அப்போ சென்னையில ஆணி புடுங்கிக்கிட்டிருந்தேன். லீவு கிடைச்சா கும்பகோணம், போனா மாமா கடைப் பொட்டிகளை நோண்டறது. இதுதான் பொழுதுபோக்கு.

ஒன்பது பொட்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு பிராட்பேண்ட் லைன், 256 கிலோபிட். அதைப் பங்கு போட்டுக் கொடுக்கறதுக்கு மூலையில பத்தாவதா ஒரு பென்டியம் 4. அதுல நான் ஃப்ரீபிஎஸ்டி போட்டு வெச்சிருந்தேன். லைனுக்கு டயல் பண்றது அதுதான். பாத்த பக்கத்தையே திரும்பத் திரும்ப இழுக்காம சேத்து வைக்கிற ஸ்க்விட்டும் அதுலதான். மாமா அதுக்கு வெச்ச பேரு ‘வாட்ச்மேன் பொட்டி’. மானிட்டர்கூட கிடையாது. வாரக்கணக்குல யாரும் தொட மாட்டாங்க.

சும்மா ஓடிக்கிட்டிருந்ததை ஏன் தொட்டேன்னு கேட்டீங்கன்னா, வயசு அப்படி :-)

ஃப்ரீபிஎஸ்டியில ஒரு அழகு உண்டு. மொத்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மூல நிரலும் ஒரே அடைவுல உக்காந்திருக்கும். பில்ட்வேர்ல்டுன்னு ஒரு கட்டளை கொடுத்தா எல்எஸ்லேருந்து லிப்சி வரைக்கும் எல்லாத்தையும் நம்ம கண்ணு முன்னாடியே கட்டும். பில்ட்கர்னல்னா கர்னல். அப்புறம் இன்ஸ்டால். சமையல்காரரைக் கூப்பிடாம நம்மளே அரிசி களைஞ்சு சோறு வடிக்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

இந்தச் சமையலுக்கு உப்பு புளி எவ்வளவுன்னு சொல்ற இடம் மேக்.கான்ஃப்னு ஒரு சின்ன கோப்பு. கம்பைலருக்கு நாம சொல்ற விசேஷக் கட்டளைகள் எல்லாம் அதுல வரும். சிஃப்ளாக்ஸ்னு ஒரு மாறி, அது கர்னல் தவிர மத்த எல்லாத்துக்கும். கர்னலுக்குத் தனியா சிஆப்ட்ஃப்ளாக்ஸ். ப்ராசஸர் என்ன ரகம்னு சொல்ல சிபியூடைப். நாம ஒரே வார்த்தையில பென்டியம்4ன்னு எழுதினா, உள்ளுக்குள்ள அதைக் கம்பைலருக்குப் புரியற கொடிகளா அதுவே மாத்திக்கும்.

கேக்க சுலபம்தான். எழுதும்போதுதான் வில்லங்கம். ரெண்டு கொடி ஒண்ணுக்கொண்ணு முரண்பட்டா கடைசியா வந்தது ஜெயிக்கும். ஓ3ன்னு ஆசையா எழுதி, அதுக்குப் பின்னாடி எங்கேயோ ஓ2 இருந்தா, நீங்க கேட்டது காத்துல போச்சு. கையேட்டுல ஓ, ஓ2 ரெண்டைத் தவிர வேற எந்த மட்டத்துக்கும் நாங்க பொறுப்பில்லைன்னு தெளிவா போட்டிருக்கும், அதை யார் படிக்கிறா? இதையெல்லாம் விடப் பெரிய கொடுமை ஒண்ணு இருக்கு. மாறியோட பேரைத் தப்பா எழுதினா மேக் வாயே திறக்காது. புதுசா ஒரு மாறி வெச்சிருக்கார் போலன்னு நெனச்சுக்கிட்டு வேலையைப் பாக்கும்.

2009 பிப்ரவரி. ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்தினதும் பில்ட்வேர்ல்டைத் தட்டிவிட்டு அங்கேயே பெஞ்சுல படுத்துட்டேன். நடுவுல கரண்ட் போச்சு, யூபிஎஸ் கொஞ்ச நேரம் முனகிட்டு அடங்கிடுச்சு. வந்ததும் மறுபடி ஆரம்பிச்சேன். விடியற்காலையில முடிஞ்சது. பெருமையா மேக்.கான்ஃபைத் திறந்து பாத்தா, சிஃப்ளாக்ஸுக்கு எழுத்து இடம் மாறி சிஃப்ள்காஸ்னு அடிச்சு வெச்சிருக்கேன். ராத்திரி பூரா ஓடினது வெறும் சாதாரண பில்ட். நான் கேட்ட ஒரு கொடிகூட உள்ள போகல. அவ்வ்வ்வ்.

அந்தக் கடுப்புல பொறந்ததுதான் ‘சுலபம்’. அதாவது சுலபம்னு பேர் வெச்சு ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட். இனிமே யாரும் மேக்.கான்ஃபைக் கையால எழுத வேணாம். ஸ்க்ரிப்ட்டே ப்ராசஸர் என்னன்னு சிஸ்டத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கும். பொட்டி வேகமா ஓடணுமா, ரொம்ப வேகமா ஓடணுமான்னு ஒரே ஒரு கேள்வி கேக்கும். பதிலைச் சொல்லி என்டர் தட்டினா, எழுத்துப்பிழை இல்லாம கோப்பை எழுதி பில்டையும் ஆரம்பிச்சு வெச்சிடும். நூத்துச் சொச்ச வரி. எழுதி முடிச்சதும் எனக்கே என்னைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

‘ரொம்ப வேகமா’ன்னு சொன்னா அது என்ன எழுதும்? ரெண்டு விஷயம். ஒண்ணு, சிபியூடைப் பென்டியம்4. அதாவது இந்த ப்ராசஸருக்குத் தெரிஞ்ச எல்லா ஆணைகளையும் தாராளமா பயன்படுத்திக்கோன்னு அர்த்தம். ரெண்டாவது, தசமப் புள்ளி வர்ற கணக்கை எல்லாம் பழைய வழியில போடாம எஸ்எஸ்இ வழியில போடு. பென்டியம் 4லதான் எஸ்எஸ்இ2ன்னு ஒரு புது ஆணைத் தொகுப்பு வந்துச்சு. அதுக்கு முந்தின பென்டியம் 3க்கு அது தெரியாது. தெரியாத ஆணை வந்தா ப்ராசஸர் கையை விரிச்சிடும். கர்னல் அந்த ப்ரோக்ராமை அந்த இடத்துலயே கொன்னு போட்டுடும். அதுக்குப் பேர்தான் சிக்னல் 4, சட்டவிரோத ஆணை.

இது எனக்கு அப்பவே தெரியுமான்னு கேட்டா, தெரியும். ஆனா வாட்ச்மேன் பொட்டி பென்டியம் 4 ஆச்சே, அதுலயே கட்டி அதுலயே ஓடுது, என்ன பிரச்சினை வரப்போகுது? மேக்.கான்ஃப்ல நானே முன்னாடி எழுதி வெச்சிருந்த குறிப்புகளைக்கூட ஸ்க்ரிப்ட் அழிச்சிட்டு சுத்தமா நாலே வரி எழுதுச்சு. பாக்கவே அழகா இருந்துச்சு.

வேகம் கூடுச்சான்னு கேக்காதீங்க. லைனே 256 கிலோபிட். அந்தப் பொட்டி பாதி நாள் தூங்கிக்கிட்டுதான் இருந்திருக்கும். தூங்கறவனை வேகமா தூங்க வெச்ச பெருமை எனக்கு.

மே மாசம் வந்துச்சு. ப்ளஸ் டூ ரிசல்ட். அப்போ ப்ரவுசிங் சென்டர்களுக்கு அதுதான் தீபாவளி. சுத்துப்பட்டு கிராமத்துலேருந்தெல்லாம் காலையிலேயே பஸ் பிடிச்சு வந்து நிப்பாங்க. பையனோ பொண்ணோ, கூட அப்பாவோ அண்ணனோ. மாமா அன்னிக்கு வாசல்ல பந்தல் போட்டு ஒரு பானையில மோரும் வைப்பார்.

அதுக்கு முந்தின நாள் ராத்திரி வோல்டேஜ் எகிறி வாட்ச்மேன் பொட்டியோட போர்டு போயிடுச்சு. மாமா எனக்கு ஃபோன் பண்ணல, தூங்கட்டும்னு விட்டிருக்கார். உள்ளூர்ல அவருக்குச் சர்வீஸ் பாக்கற தம்பி ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கார். பேர் வேணாம், தம்பின்னே சொல்றேன். அவர் காலையில ஆறரை மணிக்கே வந்து, கடையில சும்மா கிடந்த பழைய பென்டியம் 3ல ஹார்ட் டிஸ்க்கையும் நெட்வொர்க் கார்டுகளையும் மாத்திப் போட்டார். எந்த மெக்கானிக்கும் செய்யறதுதான். தப்பே கிடையாது.

பொட்டி உயிர் வந்துச்சு. கர்னல் வரிவரியா பேசுச்சு. அப்புறம் நின்னுடுச்சு.

அன்னிக்குக் காலையில எனக்கு ஆபீஸ்ல மீட்டிங். மொபைல் சைலன்ட். வெளிய வந்து பாத்தா 11 மிஸ்டு கால். வயித்துல புளியைக் கரைச்சுச்சு. கூப்பிட்டேன்.

“மாப்ள, கடை வாசல்ல அறுபது பேரு நிக்கறாங்கடா. வாட்ச்மேன் எந்திரிக்க மாட்டேங்கறான்.”

“மாமா, திரையில கடைசியா என்ன வந்திருக்கு, அப்படியே படிங்க.”

“ஏதோ சிக்னல் நாலுன்னு இருக்கு. அதுக்குக் கீழ கடைசி வரியில ஹெல்ப்னு போட்டு ஒரு ஆச்சரியக்குறி. நாம உதவி கேக்கலாம்னு பாத்தா பொட்டி நம்மகிட்ட கேக்குதுடா.”

சிக்னல் நாலுங்கற வார்த்தை காதுல விழுந்த அந்த நொடியிலேயே எனக்குப் புரிஞ்சு போச்சு. “மாமா, போர்டை மாத்தினீங்களா?” ன்னு கேட்டேன். ஆமான்னார். என்ன ப்ராசஸர்னு கேட்டேன். தம்பி பக்கத்துலேருந்து “பென்டியம் த்ரீ”ன்னு சத்தமா சொன்னது எனக்கே கேட்டுச்சு.

ஃபோன் வழியா செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. லைனுக்கு டயல் பண்றதே அந்தப் பொட்டிதானே. மோடம் வயரை நேரா ஒரு பொட்டியில சொருகி, அதுலேருந்து டயல் பண்ணச் சொன்னேன். ஒன்பது பொட்டி இருந்தும் ஒண்ணே ஒண்ணுதான் அன்னிக்கு வேலை செஞ்சுது. மாமா ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்து, வரிசையா எல்லாரையும் பதிவெண் எழுதச் சொல்லி, ஒவ்வொண்ணா அவரே அடிச்சுப் பாத்துச் சொன்னார். பாதிப் பேர் வேற கடைக்குப் போயிட்டாங்க. கிராமத்துலேருந்து வந்த ஒருத்தர் ரெண்டு மணி நேரம் நின்னு, கடைசி பஸ்ஸை விட்டா அடுத்தது சாயங்காலம்தான்னு, பொண்ணோட நம்பரை எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாராம். மாமா அப்புறம் அவங்க பக்கத்து வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கார்.

நான் அன்னிக்கு ராத்திரி பஸ் ஏறி மறுநாள் காலையில போய்ச் சேர்ந்தேன். கடை திறக்கறதுக்கு முன்னாடி பொட்டி முன்னால உக்காந்தேன். தனியாள் நிலையில வந்து நின்னுச்சு. எல்எஸ் ஓடுது. கேட் ஓடுது. ஆவ்க்ல ஒண்ணும் ஒண்ணும் எத்தனைன்னு கேட்டா செத்துப் போகுது. பிங் அடிச்சா செத்துப் போகுது.

புரியுதா? முழு எண் கணக்கை மட்டும் வெச்சுக்கிட்டு பொழைக்கிறதெல்லாம் ஓடுது. தசமத்தைத் தொட்டா சாவு. ஆவ்க்குக்கு எல்லா எண்ணுமே தசம எண்தான். பிங் சராசரி நேரம் கணக்குப் போடும். பொட்டி ஏன் எழுந்திருக்கவே இல்லைன்னு பாத்தா, காரணம் இன்னும் கேவலம். எழும்போது டிஸ்க்கைச் சரிபாக்கற எஃப்எஸ்சிகே, வேலையை முடிச்சிட்டு இத்தனை சதவீதம் துண்டு துண்டா கிடக்குன்னு ஒரு வரி சொல்லும். 0.3 சதவீதம், 0.5 சதவீதம், அந்த மாதிரி. யாரும் படிக்காத வரி. அந்த ஒரு சதவீதத்தைக் கணக்குப் போடப் போய் அது செத்துச்சு. டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல.

கர்னல் மட்டும் ஏன் நல்லா எழுந்துச்சு? அங்கதான் அதைக் கட்டினவங்களோட புத்திசாலித்தனம் இருக்கு. நாம என்ன எழுதினாலும் சரி, கர்னலைக் கட்டும்போது எஸ்எஸ்இயைத் தொடாதேன்னு அவங்க ஒரு கொடியைச் சேத்துடுவாங்க. அந்த ரெஜிஸ்டர்கள்ல பயனரோட ப்ரோக்ராம் வெச்ச மதிப்புகள் இருக்கும். கர்னல் அதுல கை வெச்சா ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பத்திரப்படுத்தி, திருப்பி வைக்கணும். அதனால அந்தப் பக்கமே போறதில்ல. என் ஆர்வக்கோளாறு கர்னல் வாசல்ல தடுக்கப்பட்டுச்சு. மத்த இடத்துல எல்லாம் பூந்து விளையாடிடுச்சு.

ஆபத்துக்கு உதவட்டும்னு ரெஸ்க்யூன்னு தனியா ஒரு அடைவு உண்டு. எல்லாம் கெட்டாலும் அதுல இருக்கற கருவிகள் ஓடும். ஆனா அதையும் அதே பில்ட்ல அதே கொடிகளோடதானே கட்டினேன். தீயணைப்பு வண்டியிலயும் அதே பெட்ரோலை ஊத்தி வெச்சிருந்தேன்.

குறுந்தகட்டுலேருந்து அதிகாரபூர்வ சிஸ்டத்தை மேல போட்டேன். அது எந்தப் பழைய ப்ராசஸர்லயும் ஓடற மாதிரி பொதுவா கட்டினது. அரை மணி நேரத்துல வாட்ச்மேன் எந்திரிச்சுட்டார். மூணு ராத்திரி கண் முழிச்சுக் கெடுத்ததைச் சரி பண்ண அரை மணி நேரம்.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நான் சரி பண்ணிக்கிட்டிருக்கும்போதே தம்பி வந்து நின்னார். மூஞ்சி செத்திருந்துச்சு. ராத்திரி பூரா தூங்கல போல. மாமா என்னைப் பாத்து, “என்ன மாப்ள ஆச்சு? நீ போட்டு வெச்சதுல ஏதாவதா, இல்ல போர்டு மாத்தினதுலயா?” ன்னு கேட்டார்.

“போர்டு மாத்தினதுல ஆயிடுச்சு மாமா.”

பொய்யான்னு கேட்டா, பொய் இல்ல. போர்டு மாத்தலைன்னா ஆகியிருக்காதுதான். உண்மையான்னு கேட்டாலும் இல்ல. மாமா தம்பி பக்கம் திரும்பி ஒண்ணும் சொல்லல. முந்தின நாள் கூலி 350 ரூபாயை மட்டும் கொடுக்கல. தம்பியும் கேக்கல. “சரிண்ணே, நான் வரேன்”னு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் மாமா அவரைக் கூப்பிடவே இல்ல. ஊர்ல நாலு பேர்கிட்ட, ரிசல்ட் அன்னிக்கு என் கடையைக் கவுத்துட்டான்னு சொல்லவும் செஞ்சார். நான் பக்கத்துல இருக்கும்போதே ஒரு தடவை சொன்னார். நான் டீயைக் குடிச்சுக்கிட்டிருந்தேன்.

சென்னைக்கு வந்து ‘சுலபம்’ ஸ்க்ரிப்டைத் திருத்தி எழுதினேன். வெக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் கை சும்மா இருக்காதே. மூணு மாத்தம் செஞ்சேன். முதல் மாத்தம், எந்த ஆணைகளை வேணா பயன்படுத்துங்கற மார்ச் கொடியை எடுத்துட்டு, எம்ட்யூன் கொடியைப் போட்டேன். ஆணைகளைப் பொதுவாவே வெச்சுக்கோ, ஆனா வரிசையை மட்டும் இந்த ப்ராசஸருக்குத் தோதா அடுக்குன்னு அர்த்தம். எந்தப் பொட்டிக்குப் போனாலும் ஓடும். இவருக்குத் தோதா அடுக்கின விருந்து, அவர் வந்தாலும் சாப்பிடலாம்.

ரெண்டாவது, கட்டி முடிச்சதும் எந்த ப்ராசஸர், எந்தக் கொடிகள், எந்தத் தேதின்னு ஒரு கோப்புல எழுதி, லாகின் பண்ணினதும் கண்ணுல படற மாதிரி வரவேற்புச் செய்தியிலயும் சேத்தேன். மூணாவது, ஒரு கேள்வி கூட்டினேன். ‘இந்த ஹார்ட் டிஸ்க் எப்பவாவது வேற பொட்டிக்குப் போக வாய்ப்பு இருக்கா?’

அந்தக் கேள்விக்கு இல்லைன்னு உறுதியா சொல்ற தைரியம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வரல.

அதுக்கப்புறம் இந்த விஷயத்தை மத்தவங்க எப்படிக் கையாண்டிருக்காங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். ஃப்ரீபிஎஸ்டியிலேயே 7.0 பதிப்பு வந்தப்போ எஸ்ஆர்சி.கான்ஃப்னு இன்னொரு கோப்பைப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. சிஸ்டத்துல எந்தப் பகுதி வேணும் வேணாம்ங்கறது அதுல, வெளியிலேருந்து நாம போடற போர்ட்ஸை அது தொடாது. நான் கவனிக்கவே இல்ல. அதுலயும் ஒரு வேடிக்கை உண்டு. வித்அவுட்னு ஆரம்பிக்கிற மாறி இருந்தாலே அந்தப் பகுதி போச்சு. பக்கத்துல நோன்னு எழுதினாலும் போச்சுதான். மதிப்பைப் பாக்காது, பேர் இருக்கான்னு மட்டும்தான் பாக்கும்.

ஜென்டூல ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனிக் கொடி வெக்க முடியும். அடம் பிடிக்கிற ஒண்ணுக்கு மட்டும் கொடியைக் குறைச்சுக்கலாம், மொத்த வீட்டையும் கலைக்க வேணாம். லினக்ஸ் கர்னலோ, நம்ம சூழல்ல இருக்கற சிஃப்ளாக்ஸைக் கண்டுக்கவே கண்டுக்காது. அதை வேற எதுக்கோ வெச்சிருப்போம், அது தெரியாம கர்னலுக்குள்ள பூந்துடக் கூடாதுன்னு. வேணும்னா கேசிஃப்ளாக்ஸ்னு பேர் சொல்லிக் கேக்கணும். முதல்ல எனக்கு இது முரட்டுத்தனமா தெரிஞ்சுது. இப்போ, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரிதான் தெரியுது.

ஜிசிசி 4.2 வந்தப்பவே, 2007லேயே, நேட்டிவ்னு ஒரு வார்த்தை வந்திருந்துச்சு. கட்டற மெஷின் எதுவோ அதுக்கே கட்டுன்னு. என் ஸ்க்ரிப்ட் நூறு வரியில செஞ்சதை அது ஒரே வார்த்தையில செஞ்சுடும். என் ஸ்க்ரிப்டோட அதே ஆபத்தும் அந்த ஒரே வார்த்தைக்குள்ள இருக்கு. கோப்புல பாத்தா நேட்டிவ்னு மட்டும்தான் இருக்கும். எந்த மெஷினுக்கு நேட்டிவ், அந்த மெஷின் இப்போ உயிரோட இருக்கான்னு கோப்பு சொல்லாது.

அதனால ஒரு ஆப்ஷனை வெக்கறது சுலபமாகறப்போ, என்ன வெச்சோம்னு அப்புறம் வர்றவன் பாக்கறதும் அதே அளவுக்குச் சுலபமா இருக்கணும். கைப்பட எழுதினப்போ எழுத்துப்பிழை வந்துச்சு, ராத்திரி வீணாச்சு. ஆனா ஒவ்வொரு கொடியையும் எழுதும்போது அது என்னன்னு ஒரு நொடி யோசிச்சேன். ஸ்க்ரிப்ட் அந்தப் பிழையை எடுத்துச்சு. கூடவே அந்த நொடியையும் எடுத்துடுச்சு. 6.16 கர்னல்காரங்க டிக் பெட்டியையும் வெச்சு, பக்கத்துலயே எச்சரிக்கையையும் வெச்சிருக்காங்க. கைகொடுக்கணும் அவங்களுக்கு.

மாமா 2013ல ப்ரவுசிங் சென்டரை மூடிட்டார். எல்லார் கையிலயும் ஃபோன் வந்துடுச்சு. இப்போ அதே இடத்துல ஜெராக்ஸும் பைண்டிங்கும் மட்டும். அந்த 6.16 டிக் பெட்டியைப் பாத்ததுக்கு அப்புறம் ஊருக்குப் போனப்போ அவர்கிட்ட உக்காந்து முழுக் கதையையும் சொன்னேன். சிக்னல் நாலுன்னா என்ன, அது எப்படி வந்துச்சு, அன்னிக்கு நான் என்ன சொன்னேன், எதைச் சொல்லல, எல்லாத்தையும்.

மாமா ரொம்ப நேரம் பேசல. ஸ்டேப்ளர்ல பின் மாட்டிக்கிட்டே இருந்தார். அப்புறம், “இதை என்கிட்ட ஏண்டா சொல்ற? போய் அவன்கிட்ட சொல்லு”ன்னார்.

தம்பி இப்போ பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கார். தலை பாதி நரைச்சுப் போச்சு. என்னை அடையாளம் தெரிஞ்சுது. டீ சொன்னார். நான் 350 ரூபாயை எடுத்து வெச்சேன். எதுக்குண்ணேன்னார். சொன்னேன்.

அவர் கோபப்படுவார்னு நெனச்சேன். படல. கையில இருந்த ஃபோனை மேட் மேல வெச்சுட்டு, “அந்த சிக்னல் நாலுன்னா என்னன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுண்ணே. நான் ஏதோ கேபிளைத் தப்பா சொருகிட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் யார் வீட்டுலயும் போர்டு மாத்தற வேலையே எடுக்கல”ன்னார்.

பென்டியம் 3, பென்டியம் 4, எஸ்எஸ்இ2, எஃப்எஸ்சிகே எல்லாத்தையும் ஒரு பில் பேப்பர் பின்னாடி படம் போட்டுச் சொன்னேன். நல்லா கவனிச்சுக் கேட்டார். ரெண்டு இடத்துல நிறுத்தி, மறுபடி கேட்டார். முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி.

“இது அந்தப் பொட்டியில எங்கயாவது எழுதி இருந்துச்சாண்ணே?”

“இல்ல.”

“அப்போ எனக்கு எப்படித் தெரியும்?”

தெரியாதுதான். அதைத்தான் நான் 2009ல மாமா முன்னாடி சொல்லியிருக்கணும். பணத்தை அவர் வாங்கிக்கிட்டார். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடல.

டிஸ்கி: புதுக் கர்னல்ல அந்த டிக் பெட்டியை என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. வேணாம்னு விட்டுட்டேன். மடிக்கணினி ஏற்கனவே வேகமாத்தான் இருக்கு, இதை எழுதற என் கைதான் மெதுவு :-)